ஜீப்புக்குக் கொடுத்த பேதி மருந்து

"இந்த இன்ஜினுக்கு ஒருக்கா பேதிக்குக் குடுக்கோணும் மாப்ள" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

சொன்ன இடம், சாந்தன்பாறைக்கு மேலே ஏலக்காட்டுக்குள் இருக்கும் என் தம்பி துரைசாமியின் வீட்டு வாசல். இவர் கையில் தம்பியுடைய ஜீப்பில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி. கம்பியின் நுனியில் தார் மாதிரி ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே... பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் காது மடலில் அழுக்கைக் கண்ட அம்மாக்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

போன வாரம் இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார வேண்டிய நாளில் நான் போடிமெட்டுக்குப் பக்கத்தில், ரோட்டோரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் இந்தப் பேதி மருந்தால் வந்தது.

எங்கள் வீட்டுக்காரரை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அவர் அடிக்கடி அடிபடுகிறவர்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் — கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் விவசாயம். கடலை, பருத்தி, தண்ணீர் இருந்தால் நெல். கிணற்று மேட்டில் ஒரு டீசல் இன்ஜின். அந்த இன்ஜினுக்கு அவர் ஒவ்வொரு போகத்துக்கு முன்னாலும் ஒரு சடங்கு செய்வார். பழைய ஆயிலை வடிப்பார். டீசலை ஊற்றி, கைப்பிடியால் சுற்றி, அதையும் வடிப்பார். பிறகு பக்கவாட்டில் இருக்கும் மூடியைக் கழற்றி, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, பழைய வேட்டித் துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தெடுப்பார். அப்புறம்தான் புது ஆயில்.

எங்கள் பக்கத்துப் பண்ணையக்காரர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். இன்ஜின்களும் மாடு மாதிரி உழைக்கின்றன. குறை சொல்ல வழியில்லை.

மனித உடம்பு விஷயத்திலும் இவருக்கு இதே கொள்கைதான். எங்கள் பிள்ளைகளுக்குத் தலைவலியோ, பரீட்சை பயமோ, படிப்பில் மந்தமோ... எதுவானாலும் விளக்கெண்ணெய்! "உள்ள சுத்தமா இருந்தா வெளிய ஒண்ணும் வராது புள்ள" என்பார். பிள்ளைகள் தலைவலி வந்தால் சொல்வதே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, நாங்கள் எதற்கு மலைக்குப் போனோம்?

துரைசாமியின் மனைவி மரகதத்துக்கு இது ஏழாம் மாதம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, பிரசவத்துக்குப் பெண்ணைத் தங்கள் ஊருக்கு அழைத்து வரவேண்டும். மரகதத்துக்கு அப்பா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவளுடைய அம்மாவுக்கு மூட்டுவலி. அவ்வளவு தூரம் வர முடியாது. அண்ணன் முறை யாருக்கு? எங்கள் வீட்டுக்காரருக்கு. "என்ற பொண்ணப் பத்திரமாக் கொண்டாந்து சேத்துருங்க சாமி" என்று அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

இவர் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டபோதே நான் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

அந்த அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மரகதத்துக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போது அவர்களிடம் வண்டி கிடையாது. நல்ல மழைக்காலம். மாதம் நிறைவதற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, அங்கே ஏதாவது வண்டி வராதா என்று காத்து நின்று... வந்தது ஒரு லாரி. அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மரகதம் மலைக்குத் திரும்பவில்லை. அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். சண்டை இல்லை, கோபம் இல்லை. "வண்டியில்லாத ஊட்டுக்கு நான் வர மாட்டனுங்க" என்று மட்டும் சொன்னாள். துரைசாமி வாராவாரம் மலையிறங்கி வந்து மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு எஸ்டேட்டில் கழித்த ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து அவள் வீட்டு வாசலில் நிறுத்தினான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

அன்றிலிருந்து ஜீப்பில் போகும்போதெல்லாம் மரகதம் முன் சீட்டில்தான் உட்காருவாள். ரோட்டைப் பார்க்க மாட்டாள். எதிரே இருக்கும் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எது எதற்கு என்று புருஷனைக் கேட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஆயில் ஓட்டத்தைக் காட்டும் முள் ஒன்று உண்டு. அது நடுவில் நின்றால் சரி, கீழே வந்தால் தப்பு. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த ஜீப்பைத்தான் எங்கள் வீட்டுக்காரர் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மாப்ள, ஆயில் எப்ப மாத்துனே?"

துரைசாமி தலையைச் சொறிந்தான். "கொறையக் கொறைய ஊத்திட்டுத்தான் இருக்கறனுங்க மச்சா. முழுசா மாத்துனதுன்னா... ஏல அறுப்புல நேரமே இல்லீங்க."

"எஸ்டேட்காரனும் மாத்திருக்க மாட்டான். உள்ள எத்தன வருசத்து அழுக்கோ! இதுல என்ற தங்கச்சிய ஏத்தீட்டு மலையெறங்கறதா? அலசி உட்டுத்தான் எடுக்கோணும்."

மரகதம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானுங்கண்ணா ஓடுது. ஓடறத எதுக்குங்க நோண்டறீங்க?"

"அம்மிணி, நீ உள்ள போய் உக்காரு. இதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவள் துரைசாமியைப் பார்த்தாள். துரைசாமி என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? எங்கள் ஊரில் அக்காள் புருஷன் என்றால் பாதி தெய்வம். அவர் உட்காரும் முன் நாற்காலியைத் துடைத்துப் போட வேண்டும். அவர் இலையில் நெய் முதலில் விழ வேண்டும். அவர் சொல்லுக்கு எதிர்ச் சொல் கிடையாது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் தம்பி இவரிடம் "இல்லை" என்ற வார்த்தையை உபயோகித்து நான் கேட்டதில்லை. "செரிங்க மச்சா" என்றான்.

வேலை ஆரம்பமானது. பழைய ஆயில் வடிந்தது. வடிந்தது என்று சொல்வது மரியாதைக்கு. வெல்லப் பாகு மாதிரி இறங்கியது. அலசுவதற்கு என்ன ஊற்றுவது? ஜீப்போ பெட்ரோல் வண்டி, அந்த மேட்டில் டீசல் ஏது? வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்னை இவர் தூக்கிக்கொண்டு வந்தார். ரேஷனில் வாங்கியது, கரண்ட் இல்லாத வீடு. மரகதம் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஆயிலைக் கலந்து ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டார். ஓட ஓட இவர் முகத்தில் ஒரு பரவசம். நிறுத்தி, கீழே நட்டைக் கழற்றினார். கன்னங்கரேலென்று காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கொட்டியது.

"பாத்தியா மாப்ள! இத்தனையும் உள்ள இருந்துருக்குது!"

நானும் எட்டிப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது. அழுக்கு வெளியே வருவதைப் பார்ப்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் வெளியே வந்ததை மட்டும்தானே பார்க்கிறோம்? வராமல் உள்ளே உதிர்ந்து கிடப்பதை யார் பார்த்தது?

புது ஆயில் ஊற்றினார்கள். ஜீப்பை வாசலில் ஒரு சுற்று ஓட்டினார்கள். சத்தம் பஞ்சு மாதிரி இருந்தது. இவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, "இனி கண்ண மூடீட்டுப் போலாம்" என்றார்.

மறுநாள் காலை கட்டுச்சோறு முடிந்தது. வகைக்கொரு சோறாக இலையில் வைத்து, மரகதத்துக்கு வளையல் போட்டு, நல்ல நேரம் பார்த்து ஜீப்பில் ஏறினோம். போடியில் தெரிந்தவர் வீட்டில் எங்கள் காரை நிறுத்திவிட்டு வந்திருந்தோம். போடி வரை ஜீப். அங்கிருந்து காரில் ஊர். துரைசாமி ஓட்டினான். பக்கத்தில் மரகதம். பின்னால் பக்கவாட்டுப் பலகையில் நாங்கள் இருவரும், ஒருவர் முழங்கால் ஒருவர்மேல் இடிக்க.

பூப்பாறை வரை ஒரு குறையும் இல்லை. இவர் ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பூப்பாறை தாண்டி, போடிமெட்டை நோக்கி ரோடு ஏற ஆரம்பித்தது.

"ஏனுங்க, முள்ளு எறங்குது" என்றாள் மரகதம்.

துரைசாமி குனிந்து பார்த்தான். "கொஞ்சம்தான்."

"கொஞ்சமில்லீங்க. எறங்கீட்டே இருக்குது. நிறுத்துங்க."

"நிறுத்தாத மாப்ள" என்றார் இவர் பின்னாலிருந்து. "புது ஆயிலு. அப்படித்தான் காட்டும். இல்லாட்டி மீட்டர்ல கோளாறு. மெட்டு வரைக்கும் ஏத்தீட்டின்னா அக்கட்டால ஒரே எறக்கம். இன்ஜினே வேண்டாம், உருட்டீட்டே போடி போயிரலாம்."

உருட்டிக்கொண்டே! போடிமெட்டு இறக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தால் அடுத்த வளைவில் போகும் பஸ்ஸின் கூரை தெரியும். அங்கே, மாசமாக இருக்கிறவளை உட்கார வைத்துக்கொண்டு, வெறும் பிரேக்கை நம்பி...

"நிறுத்துங்க" என்றாள் மறுபடியும். சத்தம் போடவில்லை. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

"போ மாப்ள" என்றார் இவர்.

நான் துரைசாமியின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேர்த்திருந்தது. ஒரு பக்கம் அக்காள் புருஷன். இன்னொரு பக்கம் பெண்டாட்டி. நடுவில் ஒரு முள். எனக்கு அந்த நிமிஷம் ஜீப்பைப் பற்றிய பயமே இல்லை. இவன் நிறுத்தவில்லை என்றால் இவள் இனி இந்த மலைக்குத் திரும்ப மாட்டாள், அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லலாம் என்று நினைப்பதற்குள்...

வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. துரைசாமி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

இவர் குதித்து இறங்கி பானெட்டைத் திறந்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். ஆயில் குறி வரைக்கும் இருந்தது. "நாஞ் சொன்னனா இல்லியா? ஆயிலு நெறைய இருக்குது. மீட்டருதான் கெட்டுப்போச்சு. எடு வண்டிய."

"நான் ஏற மாட்டனுங்க" என்றாள் மரகதம். அவள் அதற்குள் இறங்கி, ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மிணி, நடுக்காட்டுல நின்னுட்டு இதென்ன..."

"மச்சா" என்றான் துரைசாமி. குரல் எழும்பவே இல்லை. "வண்டிய எடுக்கலீங்க."

இவர் திரும்பிப் பார்த்தார். காதில் சரியாக விழவில்லை என்பது போல. "என்ன மாப்ள?"

"எடுக்கலீங்க மச்சா. பஸ்ஸுல போலாமுங்க."

அவ்வளவுதான் பேச்சு. நான் பாறைமேல் உட்கார்ந்தேன். மரகதத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து மூணாற்றிலிருந்து போடி போகும் பஸ் வந்தது. சின்னக்கானல் எஸ்டேட் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மரகதத்தைப் பார்த்ததும் முன்னால் இருந்த ஒரு அம்மா எழுந்து, "வா தாயி, இங்கன உக்காரு. ஏலேய், அந்த மூட்டைய அங்கிட்டு நவுத்துங்கலே" என்று இடம் செய்து கொடுத்தார். இவர் மட்டும் ஏறவில்லை. "வண்டியத் தனியா உட்டுட்டு வர முடியாது. நீங்க போங்க" என்றார். நான் வற்புறுத்தவில்லை. சில சமயம் ஆண்களை ஜீப்போடு தனியாக விட்டுவிடுவது நல்லது.

போடியில் இறங்கி, எங்கள் காரை எடுத்து, துரைசாமி ஓட்ட, மரகதத்தை அவள் அம்மா வீட்டில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இவர் வந்து சேரும் வரை நாங்களும் அங்கேயே தங்கினோம்.

காத்திருந்த நேரத்தில் நான் சும்மா இருக்கவில்லை. உங்களுக்காகத்தான் — பத்தி எழுதுகிறவளுக்கு வேறென்ன வேலை? ஆயில் மாற்றும்போது இன்ஜினை அலசலாமா, கூடாதா என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன்.

பெட்ரோல் பங்க்காரர் கட்டாயம் அலச வேண்டும் என்றார். அதற்கென்றே தனி ஆயில் டின்னில் வருகிறது, அவரிடம் இருக்கிறது என்றும் சொன்னார். லாரி வைத்திருக்கும் ஒருவர், "நாங்க எப்பவும் டீசல்லதானுங்க அலசறது. ஒண்ணும் ஆனதில்லீங்க" என்றார். இன்னொரு லாரிக்காரர், அலசியதற்கு அடுத்த வாரமே எங்கெங்கோ ஆயில் கசிய ஆரம்பித்துவிட்டது, அதுவரை அழுக்குதான் அடைத்துக்கொண்டிருந்தது போல என்று சலித்துக்கொண்டார். கல்பாத்தியில் ஒரு தோழி இருக்கிறாள். அவள் கணவர் கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் பாராயணம் செய்கிறவர். அவளுக்குப் போன் போட்டேன். "எங்காத்துக்காரர் நாள் தவறாம ஆயிலை மாத்திடுவார்டீ. சூடா இருக்கச்சேயே வடிச்சுடுவார். அப்புறம் அலம்பறதுக்கு உள்ள என்ன இருக்கு?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் எனக்குப் புரிந்தது. ஒழுங்காக ஆயில் மாற்றுகிறவனுக்கு அலசத் தேவையில்லை. வருஷக்கணக்கில் மாற்றாதவனுக்குத்தான் தேவை. ஆனால் அவன் அலசினால்தான் ஆபத்து! பிறகு இந்த மருந்து யாருக்கு?

மாற்றாமல் விட்டவன் என்ன செய்வது? அதற்குப் பதிலை எங்கள் வீட்டுக்காரரே கொண்டுவந்தார்.

ஒரு சாயங்காலம், தாடியும் அழுக்குச் சட்டையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கையில் தினசரித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். கூடத்தில் மரகதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. துரைசாமி தூணோரம் நின்றுகொண்டிருந்தான். இவர் நேராக வந்து பொட்டலத்தைப் பிரித்து மரகதத்தின் முன்னால் வைத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்பி வலை. வலை என்று சொன்னால்தான் வலை. கண்ணுக்கு ஓட்டையே தெரியாமல் கறுப்பாக அப்பிக் கிடந்தது.

"இதாம் அம்மிணி அடச்சது" என்றார்.

போடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, ரோட்டோரத்திலேயே இன்ஜினின் அடித்தொட்டியைக் கழற்றியிருக்கிறார்கள். ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும் குழாயின் வாயில்தான் இந்த வலை இருக்கிறது. மண்ணெண்ணெய் பட்டு உள்ளே படிந்திருந்த வண்டலெல்லாம் கட்டி கட்டியாகக் கழன்று, வடிக்கும்போது வெளியே வராமல், ஓட ஓட வந்து வலையில் உட்கார்ந்துகொண்டதாம். தொட்டி நிறைய ஆயில் இருக்கிறது. மேலே ஏற வழியில்லை. கம்பியைப் பார்த்தால் எல்லாம் சரி. முள்ளைப் பார்த்தால்தான் தெரியும்.

"இன்னுங் கொஞ்ச தூரம் ஏத்திருந்தா இன்ஜின் எறுகிப் போயிருக்குமாம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நம்ம கெணத்து இன்ஜினுக்கு மட்டும் ஒண்ணும் ஆகறதில்லியேங்க?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.

"அதுல மூடியத் தெறந்து கையில தொடைக்கறோம் புள்ள. உதுந்ததெல்லாம் துணியோட வந்துருது. இதுல கை எங்க போகுது? தொட்டியக் கழட்டித் தொடச்சிருக்கோணும். நான் பாதி வேலையச் செஞ்சுட்டு முழு வேலன்னு நெனச்சுட்டேன்."

மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டுக்காரரின் அகராதியில் இல்லை. அந்த அழுக்கு வலையைக் காகிதத்தில் சுற்றி, மூன்று பஸ் மாறி, மடியில் வைத்துக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாரே... அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. சொல்லத்தான் இல்லை. சொன்னால் அடுத்து வீட்டுக் காரைத் திறந்துவிடுவார்.

மரகதம் வலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அம்மாதான் முதலில் பேசினார்.

"எதுவோ ஒண்ணு சாமி. எம்புள்ள உசுரோட வந்து சேந்தாளே, அது போதும். இனி மலையும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். கொழந்தையோட அவ இங்கியே இருக்கட்டும்."

துரைசாமிக்கு முகம் செத்துவிட்டது. மறுபடி மேலே வருவாளா என்று அவளைக் கேட்க, வந்த நாளிலிருந்து அவன் பயந்துகொண்டிருந்தான். அவள் இருக்கும் பக்கம் வருவான், தண்ணீர் குடிப்பான், போய்விடுவான். கேட்கவில்லை.

"நீங்க ஏனுங்க பேசாம நிக்கறீங்க?" என்றாள் மரகதம் அவனிடம்.

"நான் என்னத்தச் சொல்றது?" என்றான். "வண்டிய நம்பி வான்னு சொன்னேன். அதுவும் இப்படி ஆயிப்போச்சு. நீ வரலைன்னா... நாங் கட்டாயப்படுத்த மாட்டேன்."

மரகதம் வலையைக் கீழே வைத்தாள். கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டாள்.

"போன தடவ நீங்க வாசல்ல கொண்டாந்து நிறுத்துன வண்டிய நம்பித்தானுங்க மேல வந்தேன். இந்தத் தடவ அப்படியில்ல. நிறுத்துங்கன்னு நாஞ் சொன்னேன். போன்னு அண்ணன் சொன்னாங்க. நீங்க நிறுத்துனீங்க." காகிதத்தை மடித்து வலையை மூடினாள். "கொழந்தையத் தூக்கீட்டு நான் மேல வர்றனுங்க."

துரைசாமி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி போட உள்ளே போனார்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு யோசனையும் சொல்லவில்லை — கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை!